வெயில் உச்சியில் நின்றுபோகும் கூரைச் சூரிய மின்சாரம்: லைன் மின்னழுத்தத்தைச் சரிசெய்யக் கோரும் புகார்

அனுப்புநர்: மஞ்சக்குப்பம் பகுதி மின் நுகர்வோர், கடலூர்.
பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், மின் விநியோகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தெருக்களில் சூரியத் தகடு பொருத்திய வீடுகளில், வெயில் ஏறிய நேரத்தில் இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை மாற்றி லைனுக்குத் தரும் கருவி) நின்றுவிடுகிறது. வெயில் தணிந்த பிறகே மீண்டும் ஓடுகிறது. இதுபற்றிக் கேட்டதற்கு, இன்வெர்ட்டரில் வோல்டேஜ் வரம்பை ஏற்றிக்கொள்ளச் சொல்லி வாய்மொழியாகப் பதில் வந்தது. இதை நாங்கள் ஏற்கவில்லை. லைன் மின்னழுத்தம் நிர்ணயித்த அளவில் 110 சதவீதத்தைத் தாண்டினால் சூரிய மின் அமைப்பு 2 நொடிக்குள் இணைப்பிலிருந்து விலக வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் தொழில்நுட்ப விதி. இன்வெர்ட்டர் அதைத்தான் செய்கிறது. கோளாறு லைனில் இருக்கிறது.

தெரு டிரான்ஸ்பார்மரின் வெளியீடு 433 வோல்ட். லோடு இல்லாதபோது ஒரு பேஸுக்கு (மூன்று மின் கம்பிகளில் ஒன்றுக்கு) 250 வோல்ட் வரும். நிர்ணயித்த அளவான 240-இல் 6 சதவீதம் கூட்டினால் மேல்வரம்பு 254. ஆக, சூரிய மின்சாரம் உள்ளே வருவதற்கு முன்பே மிச்சம் இருப்பது 4 வோல்ட்தான்.

இந்த நிலையில் புதிய இணைப்புகளைக் கைக்கு எட்டிய பேஸிலேயே மாட்டிவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து 200 மீட்டர் தள்ளி, ஆறு வீடுகளின் 3 கிலோவாட் அமைப்புகள் ஒரே பேஸில் இருப்பதாகக் கொள்வோம். சுமார் 78 ஆம்பியர் லைனுக்குத் திரும்பி வரும். ‘ரேபிட்’ (Rabbit) எனப்படும் அலுமினிய லைன் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.55 ஓம். போக்கும் வரவுமாகக் கணக்கிட்டால் லைன் கடைசியில் 17 வோல்ட் ஏறும். அதே ஆறு வீடுகளைப் பேஸுக்கு இரண்டாகப் பிரித்தால் நியூட்ரலில் (மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பியில்) மின்னோட்டம் ஏறக்குறைய அற்றுப்போகும். ஏற்றம் 3 வோல்ட்டுக்குள் அடங்கும். புதிய கம்பியோ புதிய டிரான்ஸ்பார்மரோ இதற்குத் தேவையில்லை. ஒரு லைன்மேன், கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் ஒரு டாங் டெஸ்டர், அரை நாள் மின்நிறுத்தம் போதும்.

எனவே முதலில் நண்பகலிலும் இரவு எட்டு மணிக்கும் மூன்று பேஸையும் நியூட்ரலையும் அளந்து எழுதுங்கள். ஒரு பேஸ் ஏறி இன்னொன்று இறங்கியிருந்தால் நியூட்ரல் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேரும் இடம் விரைவில் அரித்துப் பிடி தளரும். அங்கே இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டல் கிளாம்ப்தான் போட வேண்டும். நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டுக் கருவிகள் எரிந்துபோகும் என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நியூட்ரல் சரியாக இருந்தால் அடுத்து பேஸ்களைச் சமன்செய்யுங்கள். அதன் பிறகும் மூன்றும் சேர்ந்து உயரமாகவே நின்றால், டேப் சுவிட்ச் (வெளியீட்டு வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் சுவிட்ச்) உள்ள டிரான்ஸ்பார்மரில் சப்ளையை முழுவதும் நிறுத்திவிட்டு ஒரு படி இறக்கலாம். 2.5 சதவீதப் படியானால் பேஸுக்கு 6 வோல்ட் குறையும். சமன்செய்யாமல் டேப்பை மட்டும் இறக்கினால், மாலையில் கடைசி வீடுகளில் மோட்டார் இழுக்காது, வேறொரு புகார் வரும். வரிசை மாறக்கூடாது என்று வலியுறுத்துகிறோம்.

இதில் எங்கள் கட்டணக் கவலை சிறிது. ஆறு வீடுகளில் தலா 2 கிலோவாட் உற்பத்தி இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு நாளைக்கு 24 யூனிட் வீண். நாட்டு மின்கட்டமைப்பின் சராசரிப்படி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால், ஒரு தெருவில் மட்டும் தினமும் ஏறத்தாழ 17 கிலோ. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியும் இந்த மாவட்டத்தில், கூரையில் ஏற்கெனவே தயாரான தூய மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது மனம் பொறுக்கவில்லை. இழப்பும் கூடுகிறது: மூன்று பேஸிலும் 100 ஆம்பியர் ஓடுவதற்குப் பதில் 150, 100, 50 என்று ஓடினால், நியூட்ரலையும் சேர்த்துக் கம்பிச் சூடு 40 சதவீதத்துக்கு மேல் அதிகம். அந்த நட்டம் நிறுவனத்துக்குத்தான்.

இன்னொன்று. 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரைச் சூரிய மின்சாரத்துக்கான முழுமையான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. ஆய்வைக் காரணம் காட்டி, வாங்குவதையும் தருவதையும் அளக்கும் இருவழி மீட்டர்களை நிறுத்தி வைத்திருப்பதை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். எந்த பேஸில் இணைப்பது என்பதை அந்தந்தத் தெருவின் அளவீட்டைப் பார்த்து நீங்களே முடிவுசெய்து, மீட்டர் அட்டையில் எழுதிவிடுங்கள்.

அளவீடுகளின் நகலையும், வேலை நடக்கும் தேதியையும் எழுத்துமூலம் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இன்வெர்ட்டர்களின் பிழைப் பதிவுகளை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் பகுதி மின் நுகர்வோர்