யாருடைய வடிவமைப்பு என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் முப்பரிமாண அச்சுப்பொறிக் கட்டுரையில் ஒரு வரி: "ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்காரர்கள் விஷயம், கையால் பொருள் செய்பவர்கள் அதில் கிடைக்கும் இலவசத்தை எடுத்துக்கொள்கிறார்கள்." ஓப்பன் சோர்ஸ் என்றால் ஒன்றின் உள்ளமைப்பை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று திறந்துவிடுவது. அது மென்பொருளுக்கு மட்டும் சொந்தமா? இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிடும் முப்பரிமாண அச்சுப்பொறி. அதன் வடிவமைப்பை ஜிபிஎல் உரிமத்தில், கட்டற்ற மென்பொருளுக்கென்று எழுதிய அதே உரிமத்தில், ஊருக்கே கொடுத்தார்கள். கட்டுரை புகழும் மலிவு அச்சுப்பொறிகள் அந்த வேரில் முளைத்தவை. அந்த ரெப்ராப்காரர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய மேக்கர்பாட் நிறுவனம், 2012இல் புதிய இயந்திரத்தின் வடிவமைப்பை யாருக்கும் தராமல் மூடிக்கொண்டபோது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என் அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் இழையைத் தள்ளும் பற்சக்கரம் தேய்ந்துபோய் வழுக்க ஆரம்பித்தது. முகம் தெரியாத ஒருவர் பகிர்ந்த கோப்பு கிடைத்தது. 'நடுத்துளையை 0.2 மி.மீ. பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும்' என்று குறிப்பும் இருந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தேய்ந்த சக்கரத்தை வைத்தே புதியதை அச்சிட்டேன். திருகு உட்காரும் இடம் மெலிதாக இருந்ததால் அதைத் தடிமனாக்கி, திருத்திய கோப்பை அங்கேயே திரும்பப் போட்டேன். சொல்லுங்கள், நான் எடுத்துக்கொண்டவனா?

அதற்கு முன் வைத்திருந்த இயந்திரம் வேறு மாதிரி. இழைச் சுருளில் ஒரு மின்னணுச் சில்லு; வெளியில் வாங்கிய இழையைப் போட்டால் ஓடாது. காசு கொடுத்து வாங்கியது நான், ஆனால் அது என் சொல் கேட்கவில்லை.

இதையெல்லாம் மூன்று வருடம் முன்பே உங்களுக்கு எழுதினேன். கடிதம் இதழில் வந்தது, உரிமம் பற்றிய பத்தி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. இடமில்லை என்று எண்ணிச் சமாதானம் ஆனேன். போன மாதம் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவிக்கு இரண்டு பக்கம் கொடுத்தீர்கள். அதை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையின் பெரிய வண்ணப்படம் இருந்தது. மின்சுற்றுப்படம் இல்லை. நிரலை எழுதியவர் பெயரும் இல்லை. பெயரைச் சொல்லிப் பகிருங்கள் என்பதுதானே இப்படித் திறந்து கொடுப்பவர்களில் பலர் கேட்கும் கூலி?

சரி, என் கோரிக்கை சின்னதுதான். இனிச் செய்முறைக் கட்டுரைகளின் கீழே யாருடைய வடிவமைப்பு, எந்த உரிமம் என்று ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால் மின்சுற்றுப்படமும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்