43 அங்குல டிவி: கடையிலேயே சோதித்து வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைக் கடைவீதிகளில் 43 அங்குல ஸ்மார்ட் டிவிக்குத்தான் கூட்டம். கடையில் ஓடும் மாதிரிப் படத்தை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். பென் டிரைவில் ஏற்றிய அந்த 4கே படம் எந்த மலிவுத் திரையிலும் பளிச்சென்றுதான் தெரியும். லயத்து வீட்டில் அதிகம் ஓடுவது டிஷ். பழைய டிஷ் பெட்டி தருவது 576 வரிப் படம். அதை 2160 வரி கொண்ட 4கே திரைக்கு இழுத்துப் பெரிதாக்கினால் முகங்கள் மெழுகு பூசினாற்போல் மழுங்கிவிடும். சாதாரண சேனல் ஒன்றைப் போடச் சொல்லி, ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கிடைப்பது அவ்வளவு இடைவெளிதான். டிஷ் மட்டும் உள்ள வீட்டுக்கு 32 அங்குலமே போதும்.

யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் பார்ப்பவர்கள் ரேம், அதாவது ஆப்கள் ஓடப் பயன்படும் நினைவகம், 2 ஜிபியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். 1 ஜிபி செட் சில மாதங்களிலேயே திணறும். உங்கள் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கடையிலேயே நெட்ஃப்ளிக்ஸைத் திறந்து பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸின் சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டு செட்களில் அது திறக்காது, திறந்தாலும் படம் தெளிவாக வராது. நெட்ஃப்ளிக்ஸில் 4கே ஓட 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் வேண்டும். மணிக்கு 7 ஜிபி வரை டேட்டா போகும். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் நுணுக்கமாகக் காட்டும் எச்.டி.ஆர் வசதியின் ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மலிவுத் திரைகளுக்கு அதைக் காட்டும் வெளிச்சம் கிடையாது.

இந்த விலை செட்களில் அதிகம் பழுதாவது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு. சத்தம் கேட்கும், திரை இருட்டாக இருக்கும். டோர்ச் அடித்து அருகில் பார்த்தால் உருவம் மங்கலாக அசையும். திரை போகவில்லை, பின்னாலுள்ள எல்.இ.டி பட்டிதான் போயிருக்கிறது. அதை மாற்றலாம், புது டிவி தேவையில்லை. கடையில் 100இல் வைத்திருக்கும் பேக்லைட்டை வீட்டுக்கு வந்ததும் 60க்குக் குறைத்தால் பட்டி நீண்ட காலம் உழைக்கும்.

குளிர் நாளில் லொறியில் வந்த பெட்டியைத் திறந்தவுடன் பிளக் போடாதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கும். இரண்டு மணி நேரமாவது அறையில் வையுங்கள். மாலையில் இடி தொடங்கும் முன்பே சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். டிஷ் பெட்டியை டிவியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ போர்ட் கருகி வரும் செட்கள் பலவற்றில் மின்னல் இறங்கியது அந்தக் கேபிள் வழியாகத்தான்.

டிவி திருத்துநர்,
தலவாக்கலை.