அடுத்த காணிக்கும் வழி விடுங்கள்

திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உப்புவெளி தொடங்கிச் சாம்பல்தீவுப் பக்கம் வரை காணிகள் துண்டு போட்டு விற்கப்படுகின்றன. அதில் பிழை இல்லை. மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு பட்டினம் வேறெங்கே வளரும்? என் முறைப்பாடு அந்தக் காணிகளுக்குள் விடப்படும் ஒழுங்கைகளைப் பற்றியது. நிலாவெளி வீதியிலிருந்து நேராக உள்ளே போகும், இரு பக்கமும் வீடுகள், கடைசியில் மதில். பக்கத்துக் காணிக்காரரும் அதையேதான் செய்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற மணம் இங்கே வரும். ஆனால் அந்த வீட்டுக்குப் போவதென்றால் பிரதான வீதிக்கு ஏறி, பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் ஒதுங்கி, அடுத்த ஒழுங்கையால் இறங்க வேண்டும். ரியூஷனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் வேறு வழியில்லை. குப்பை எடுக்க வரும் உழவு இயந்திரம் திருப்ப இடமில்லாமல் பின்னுக்கே வெளியேறுவதை உங்கள் சாரதிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்டினத்துக்குள் இப்படியில்லை. மத்திய வீதி நெரிந்தால் என்.சி. வீதியால் போய்விடலாம்.

அமெரிக்காவின் வீதிகளை நூறாண்டுக் கணக்கில் அளந்த ஆய்வொன்று 2015இல் வந்தது. ஒரு சந்தியில் எத்தனை வீதிகள் கூடுகின்றன என்பதுதான் அளவுகோல்: நாற்சந்திக்கு நான்கு, மறுபக்கம் வழியில்லாத குச்சொழுங்கையின் முடிவுக்கு ஒன்று. அங்கே குச்சொழுங்கைகள் பெருகி, 1994 அளவில் நிலைமை உச்சத்துக்குப் போய், அப்புறம்தான் திரும்பத் தொடங்கியது. வீட்டை இடித்துக் கட்டலாம். வீதியை அப்படி மாற்ற முடிவதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியை நமக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. கடற்கரை ஒழுங்கைகளின் சனம் முழுக்க ஒரே வீதியில் வந்து ஏறும். அதைத் தாண்டி மேற்கே ஓடலாமென்றால் அங்கேயும் மதில்.

ஆகவே, உபபிரிவு வரைபடத்தை அங்கீகரிக்கும்போது, ஒழுங்கை அடுத்த காணியின் எல்லையைத் தொட வேண்டுமென்று நிபந்தனை போடுங்கள். அந்தக் கடைசித் துண்டைச் சபையின் பெயருக்கு எழுதி எடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கேற் போட்டுவிடுவார்கள். ஏற்கனவே அடைபட்ட இடங்களில் கார் போகும் வழி கேட்கவில்லை. சைக்கிள் போகிற ஆறடி போதும். கள்ளர் பயம் என்று சிலர் மறுப்பார்கள். அமைதியான ஒழுங்கை என்றுதான் காசு கொடுத்து வாங்கினார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் ஆறடிப் பாதையில் வாகனம் வராது, லைற் ஒன்றைப் போட்டுவிட்டால் சரி.

அடுத்த கூட்டத்தில் அருகருகே உள்ள இரண்டு காணிகளின் வரைபடங்களை ஒரே மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசி ஒருவர்