கிளினிக் நாளுக்கும் ஒரு பேர் போடுங்கள்

தோட்ட முகாமையாளர் ஐயாமார்களுக்கு,

முகாமையாளர் என்று எழுதுகிறேனே தவிர, எங்கள் லயத்தில், இந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்றும் நீங்கள் துரைதான். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குப் போய்வரும் இளைஞர் குழுவில் நானும் ஒருத்தி. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரு துரைக்கு மட்டுமான கடிதமாகிவிடும்.

முதல் மாதம் எங்களை யாரும் மதிக்கவில்லை. "பிள்ளை பெறாதவள் எங்களுக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள்" என்று வாசலிலேயே சிரித்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர் அக்காதான் வழி சொன்னார்: புத்தி சொல்லாதே, அடுப்படியில் போய் உட்கார். உட்கார்ந்தேன். ஒரு வீட்டில் பழைய பால்மா டின் நிறைய இரும்புச்சத்துக் குளிசைகள் அப்படியே கிடந்தன. அந்த அக்காவுக்கு ஏழாம் மாதம். குமட்டுகிறதாம்; நினைவு வந்த நாளில் மட்டும் காலைத் தேத்தண்ணீரோடு ஒன்றை விழுங்குவாராம். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஊருக்கெல்லாம் கொழுந்து பறித்துக் கொடுப்பவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரோடு என்று மாற்றிக்கொண்டார். திரிபோஷா என்ற சத்துமாவுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. தாய்க்கென்று தரும் பக்கெட் தேங்காய்ப்பூவோடு உருண்டையாகி, வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எல்லோர் கைக்கும் போகிறது. அதைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இவை எங்களால் ஆகிற வேலைகள். ஆகாத வேலைக்காகத்தான் இந்த மடல்.

அதே அக்கா இரண்டு கிளினிக்குகளைத் தவறவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "போனால் அன்றைய பேர் போய்விடும் தங்கச்சி" என்றார். பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளக் கணக்கு. கிளினிக் முடிந்து மதியத்துக்கு மேல் மலை ஏறினால் பறிக்கவேண்டிய கொழுந்து நிறை வராது, அரைப்பேர்தான். கால் வீங்கியிருந்தது, தலைவலியும் இருந்தது. வெயிலால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். இரத்த அழுத்தம் பார்த்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு வேறொரு கணக்கு. பிரசவ விடுமுறை 84 நாள். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வதோ ஆறு மாதம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட, வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தரவேண்டும் என்கிறது சட்டம். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். எங்கள் ஏழாம் நம்பர் மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கவே இருபது நிமிடம். ஏறுவதற்கு இன்னும் கூடும். பிறகு அங்கே பிள்ளை பார்க்கும் ஆயாம்மா பால் போத்தலைத்தான் தேடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

2016ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். லயம், தண்ணீர், சம்பளம் என்று இதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்ட வரவில்லை. ஆனால் இரண்டு காரியங்கள் உங்கள் ஒரு சொல்லில் நடக்கும். கிளினிக் அட்டை காட்டும் தாய்க்கு அன்று முழுப்பேர் போடுங்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுங்கள். ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைத்தால், அட்டையில் திகதியும் கையெழுத்தும் இருக்கின்றன.

எங்கள் தோட்டத்தில் அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஒன்பது தாய்மார் போகவேண்டும். உங்கள் தோட்டத்தில் எந்த நாள், எத்தனை தாய்மார் என்று கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். அன்று மாலை, பேர் பதியும் செக்ரோலையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
லயத்துப் பிள்ளை ஒருத்தி