சாய்தளத்தின் நீளம்தான் முக்கியம்

ஆசிரியருக்கு,

மாற்றுத்திறனாளிகளின் வீடுகளில் ஊராட்சி மூலம் சாய்தளம் அமைப்பது குறித்த செய்தி படித்தேன். வரவேற்கலாம், ஆனால் அளவு தவறினால் செலவு வீண். ஓரடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. செங்கோட்டைப் பக்கம் சாரல் மழைக்காக வாசலை ஒன்றரை அடி உயர்த்திய வீடுகளுக்கு 18 அடி தேவை. தெருவில் இடமில்லை என்று 6 அடியில் முடித்துவிடுகிறார்கள்; ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழ்கிறது. இடையில் 5 அடிச் சதுரத்தில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாமே! கழிப்பறைக் கதவும் வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவைத் தடுத்துவிடும்.

பயனாளி நாற்காலியில் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை விடுவிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், செங்கோட்டை வட்டாரம்