மாடியறையும் பெரிய மேசையும்

அன்பு நண்பருக்கு,

பணி ஓய்வுக்குப் பின் வீட்டின் மேல்தளத்தை இறையியல் மாணவர்களுக்குத் திறந்துவிட நீங்களும் உங்கள் துணைவியாரும் எண்ணியிருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நாங்கள் இந்த விருந்தினர் இல்லத்தைத் தொடங்கி 6 ஆண்டுகள் ஆகிவிட்டதால், கண்டதைச் சிறிது எழுதுகிறேன்.

வேதாகமத்தின் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், சூனேம் ஊர்ப் பெண்மணி எலிசா தீர்க்கதரிசிக்காக மாடியில் அறை கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள் அல்லவா? நாங்களும் அந்த நான்கையே ஒவ்வோர் அறையிலும் வைத்தோம். மாணவர்கள் வந்தார்கள், படித்தார்கள், உறங்கினார்கள். ஆனால் ஒரே கூரையின்கீழ் இருந்த மூவருக்கு ஒருவர் ஊர் மற்றவருக்குத் தெரியாது. அதே அதிகாரத்தின் இறுதிப் பகுதியில், கில்காலில் பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசிகளின் புத்திரருக்கெல்லாம், அதாவது தீர்க்கதரிசிகளின் சீடர்களுக்கெல்லாம், ஒரே பெரிய பானையில் சமைத்ததாக வருகிறது. அதைக் கவனிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

என் மனைவி உடல்நலமின்றிப் படுத்திருந்த ஒரு மாலையில் மாணவர்களே சமையலறையை ஏற்றுக்கொண்டார்கள். குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு மாதமாக வகுப்பில் வாதிட்டுக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் பாத்திரம் துலக்க, மற்றவர் துடைத்துக்கொண்டிருந்தார். பல வாரங்களாகத் தம்மால் ஜெபிக்கவே முடியவில்லை என்று துலக்கியவர் அப்போது மெல்லச் சொன்னார். திருப்பணிக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடும் ஆசிரியர்களிடம் அதை எப்படிச் சொல்வது? நாளை பிறர் பாரத்தைச் சுமக்கப் போகிறவர்களுக்குத் தங்கள் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அன்றுமுதல் சமையலும் துலக்கலும் அனைவருக்கும் முறைவைத்து வருகின்றன. மேசையில் பேசியது கல்லூரிக்குப் போவதில்லை. ஒரு மாணவரைப் பற்றி நிர்வாகத்தினர் எங்கள் கருத்தைக் கேட்டபோதும், அவர்களுக்கு வருத்தம் உண்டாகும் என்று தெரிந்தே மறுத்துவிட்டோம்.

1935 முதல், 1937இல் நாசிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ மூடும்வரை, அன்றைய ஜெர்மனியின் ஃபின்கன்வால்டேயில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சியளித்த இறையியலாளர் போன்ஹோஃபர், அங்கில்லாத சகோதரரைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அதை அவரிடமே சொல்லிவிட வேண்டும் என்று விதித்திருந்தார். நாங்களும் அதைக் கைக்கொள்கிறோம். மிகக் கடினமானது, ஆனால் வேறெந்த ஒழுங்கும் இவர்களை இவ்வளவு நெருக்கமாக்கியதில்லை.

ஓர் அறையை எப்போதும் வழிப்போக்கருக்கென விட்டுவையுங்கள். மாணவர் ஒருவரின் தாயோ, வயது முதிர்ந்த மிஷனரியோ மேசையில் அமர்ந்தால், எபிரேயமும் கிரேக்கமும் படித்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எளிய சொற்களில் சொல்லிப் பழகுகிறார்கள். வாரத்தில் ஒரு மாலையை மட்டும் உங்கள் இருவருக்கென வைத்துக்கொள்ளுங்கள். முறுமுறுப்பில்லாமல் உபசரியுங்கள் என்று பேதுரு எழுதியதன் பொருள் களைத்துப்போன நாட்களில்தான் எங்களுக்கு விளங்கியது.

கட்டில்களை வாங்குவதற்கு முன், மேல்தளக் கூடத்தில் எத்தனை பேர் அமரும் மேசையைப் போடலாம் என்று அளந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்