நீதிபோதனை வகுப்புக்கு வெளியே

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் ஆலயத்துக்கு நடந்தே போகிறார்கள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது. நாங்கள் இங்கே நலம். ஓய்வுபெற்ற பின் பொழுது போகாது என்று பயமுறுத்தினார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மாலையானால் கணக்கு நோட்டோடு திண்ணைக்கு வந்துவிடுவதால் அந்தக் குறை எனக்கு வரவில்லை.

மகள் நம் திருச்சபையின் திருமண்டலப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்த செய்தி மிகவும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் அவள் உங்களிடம் கேட்டு, நீங்கள் எனக்குத் தள்ளிவிட்டிருக்கும் கேள்வி எளிதானதாக இல்லை. காலை ஜெபம், வாரத்துக்கு ஒரு நீதிபோதனை வகுப்பு, சுவரில் எழுதிய வசனம் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் எங்கள் பள்ளிக்கும் எதிரே இருக்கும் அரசுப் பள்ளிக்கும் என்ன வேறுபாடு, சித்தப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்றாளாம். அந்த மூன்றும் இருந்தும்கூட வேறுபாடு எதுவும் இல்லாத பள்ளிகளை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். எனவே அவள் கேள்வியைச் சற்று மாற்றி, என்னை இந்த வேலைக்கு உரியவனாக ஆக்கியது எது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் கணக்கில் அது வகுப்பும் அல்ல, பயிற்சிப் பள்ளியும் அல்ல. தன் அன்றாட விசுவாசத்தை என் கண்முன்னே வாழ்ந்துகொண்டே, நான் தயாராகும் முன்பே என்னிடம் பொறுப்பைக் கொடுத்த ஒரு மூத்தவர்தான்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் தேரியை ஒட்டிய ஊரில், நடுநிலைப் பள்ளியொன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே தலைமையாசிரியராக இருந்தவரை ஊர் முழுவதும் பெரிய சார் என்றே அழைக்கும். பதநீர்க் காலம் தொடங்கிவிட்டால் வகுப்பில் பாதி இடம் காலியாகிவிடும். குடும்பங்கள் பனைவிளைகளுக்குப் போய்த் தங்கிவிட, அப்பா மரம் ஏற, அம்மா விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்ச, பெண்பிள்ளைகள் சுள்ளி பொறுக்கவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் நின்றுவிடுவார்கள். சனிக்கிழமை மதியம் பெரிய சார் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த விளைகளுக்கு நடப்பார். பிள்ளை ஏன் வரவில்லை என்று எந்த வீட்டிலும் அவர் கேட்டதில்லை. இந்த வருஷம் பனம்பாளை எப்படி, வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறான், முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்பார். ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவதைக் குடிப்பார். அவர்களாகக் கேட்டால் மட்டும் சுருக்கமாக ஜெபிப்பார். புறப்படும்போதுதான், காலையில் ஒரு வேளையாவது பிள்ளையை அனுப்பி வையுங்கள், விட்டுப்போன பாடத்தை இந்த சார் தனியாகச் சொல்லித் தருவார் என்று என்னைக் காட்டுவார். என்னிடம் அதைப் பற்றி அவர் முன்கூட்டிப் பேசியிருக்கவே மாட்டார்.

ஆசிரியர் அறையில் காலையில் வேதப்பகுதி வாசித்து, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஜெபிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் பெரிய சார் அதே பெயர்ப் பட்டியலை மேசையில் வைத்து, இவனுக்காக ஆண்டவரிடம் கேட்டாயிற்று, மாலை நான்கரைக்கு இவனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தரப்போவது யார் என்பார். சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு மட்டும் அன்றிலிருந்து ஜெபத்தையும் நேர அட்டவணையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்று. விசுவாசத்தைப் பற்றி அவர் எனக்குத் தனியாக ஒரு வார்த்தையும் போதித்ததில்லை. திருத்திய நோட்டுகளைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பதும், அடித்த ஆசிரியரைப் பிள்ளைகள் முன்னால் கண்டிக்காமல் தனியே கூப்பிட்டுக் கண்டிப்பதும், சத்துணவு வரிசையில் கடைசிப் பிள்ளை உட்காரும்வரை நிற்பதும்தான் நான் அவரிடம் படித்த இறையியல்.

நம் பகுதிக்கு இது புதிதும் அல்ல. 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்தே சபையைக் கவனிக்கும் உபதேசியாரும் வாத்தியாரும் பல ஊர்களில் ஒரே ஆளாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயமாக இருந்த கட்டடமே திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதில் எத்தனையோ குறைகள் உண்டு என்றாலும், ஒருவர் வீட்டில் என்ன பேசுகிறார், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார், மனைவியை எப்படி நடத்துகிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். எனவே அவர் சொல்லுவதைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வழியிருந்தது. இன்று பள்ளி முடிந்ததும் ஆசிரியர்கள் பேருந்து ஏறி நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்களுடைய பிள்ளைகளும் படிக்க வேண்டும். ஆனால் மகளைப் போன்ற புது ஆசிரியைக்கு மூத்தவர் ஒருவரை வகுப்பறைக்கு வெளியே பார்க்கும் வாய்ப்பு இதனால் போய்விட்டது.

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் செய்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். 1785இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர், அங்கே ஒரு சிறுவனிடம் தெரிந்த தமிழ்த் திறமையைக் கண்டு, தகப்பனாரின் சம்மதம் பெற்றுத் தம்மோடு தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அந்தச் சிறுவன்தான் பின்னால் வேதநாயக சாஸ்திரியார். இருபது வயதை ஒட்டியே தஞ்சாவூர் மிஷன் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர்தான் இளவரசர் சரபோஜியும். ஒருவர் கிறிஸ்தவப் புலவரானார். மற்றவர் கடைசிவரை இந்துவாகவே இருந்து, சரஸ்வதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்தார். 1798இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு சரபோஜி லண்டனில் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சாவூர் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. மரணப்படுக்கையில் இருக்கும் குருவின் கையை மன்னர் பிடித்திருக்கிறார். மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அவள் வகுப்பில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள்; அவர்களில் ஒருவரும் மதம் மாறாமல் போனால் தன் ஊழியம் வீண் என்று யாராவது அவளைக் குழப்பக்கூடும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1907 வரை முதல்வராக இருந்த வில்லியம் மில்லரையும் அப்படித்தான் சக மிஷனரிகள் சிலர் குறை சொன்னார்கள்.

சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் அதுவே சரி. கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும் சம்மதமின்றிச் சமய போதனையில் பங்கெடுக்க வைக்கக் கூடாது, சிறுவராக இருந்தால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்லுகிறது. நம்மவர்கள் சிலர் இதைத் தடையாகக் கருதுகிறார்கள். எனக்கோ, கேட்டால் மட்டும் ஜெபித்த பெரிய சாரின் பழக்கத்தைத்தான் சாசனம் எழுத்தில் வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இனி இதன் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நீங்களே என்னைக் கோபிப்பீர்கள். சாஸ்திரியார் பிற்காலத்தில் ஆலயத்துக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற இளைய மிஷனரிகளோடு மோதினார். பழைய வழக்கத்தையே ஆதரித்து வாதிட்டார். அவரை வளர்த்த பழைய மிஷனரிகள் அந்த வழக்கத்தைப் பொறுத்துப் போனவர்கள். ஆக, மூத்தவரிடமிருந்து நமக்கு வருவது விசுவாசம் மட்டுமல்ல, அவர் பார்க்காமல் விட்டதும் சேர்ந்தே வருகிறது. நம் காலத்திலும் வழிகாட்டி என்ற பெயரில் பரிந்துரைக்காரர்கள் எத்தனை பேர்! உன்னை நான்தான் உள்ளே கொண்டுவந்தேன் என்று சொல்லி, அடுத்த திருமண்டலத் தேர்தலில் ஓட்டுக் கேட்பவருக்கும், சாதி பார்த்து இளையவர்களைத் தன் பக்கம் சேர்ப்பவருக்கும் பெயர் வழிகாட்டி அல்ல. இவர்கள் செய்த கெடுதி, வழிகாட்டி இல்லாமையால் வந்த கெடுதியைவிட அதிகம் என்பது என் எண்ணம். வேலையில் சேரும் பிள்ளைகள் மூத்தவர்களை விட்டு எட்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

பெரிய சார் என்னை ஒருநாளும் தன் ஆள் என்று சொன்னதில்லை. ஆண்டாய்வுக்கு அதிகாரி வந்தபோது அவர் முன்னால் என்னையே பாடம் நடத்தச் சொல்லிவிட்டுத் தாம் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சில ஆண்டுகள் கழிந்து, அவர் போட்ட தேர்வு முறை பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, முகம் சுருங்கினாலும் மறுநாளே மாற்றினார். அதற்குப் பின் எங்களுக்குள் இருந்தது குரு சீடன் உறவு என்று சொல்ல முடியாது.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், அப்போது அவர் பேராயராகவும் ஆகவில்லை, மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டதும் இத்தகைய நட்பைத்தான். நீங்கள் உங்கள் ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் அவர் பேசியபோது அரங்கில் பலருக்குச் சங்கடமாகப் போயிற்று. அவருக்கு அதைக் கேட்கத் தகுதி இருந்தது, ஒய்.எம்.சி.ஏ.வில் உடன் உழைத்த அமெரிக்கர் ஷெர்வுட் எடியிடம் அத்தகைய நட்பை அவர் அனுபவித்திருந்தார். பின்னாளில் தோர்ணக்கல் பேராயராகி, தெலுங்குக் கிராமங்களுக்கு உபதேசிமாரை அனுப்பும்போது மனைவிமாருக்கும் சேர்த்தே பயிற்சி கொடுத்ததில், வீடு முழுவதும் பாடம் சொல்லுகிறது என்ற அவருடைய எண்ணம் தெரிகிறது.

ஆகவே மகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. பள்ளியில் யார் அதிகம் ஜெபிக்கிறார் என்று பார்க்க வேண்டாம். துப்புரவு செய்யும் அம்மாவிடம் யார் மரியாதையாகப் பேசுகிறார், வராத பிள்ளையின் வீடு யாருக்குத் தெரிகிறது, எதிர்த்துச் சொன்னால் யார் கேட்டுக்கொள்கிறார் என்று பார்க்கட்டும். அப்படி ஒருவர் கிடைத்தால், அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும், கிறிஸ்தவராகவே இல்லாவிட்டாலும், அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளட்டும். முதல் ஆண்டில் நீதிபோதனை வகுப்பைத் தன்னிடம் தரச்சொல்லிக் கேட்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கை ஒழுங்காக நடத்தினால் போதும்.

ஸ்தோத்திரப் பண்டிகை அசன விருந்துக்கு நாங்கள் ஊருக்கு வருகிறோம். அதற்குள் அவள் பள்ளியில் மாணவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அடிக்கடி வராத பிள்ளைகள் யார் யார், எந்தத் தெரு என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் நானும் அவளும் நடந்துபோய் வருவோம். உங்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமானால் நீங்களும் வரலாம். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

கிறிஸ்துவுக்குள்,
தங்கள் அன்புத் தம்பி